பழைய சீசன், புது டீம்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பழைய ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டு டீம் கட்டும் ஃபேன்டசி ஆட்டம் பற்றி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வந்த கேள்விகள் இந்த இதழில். கீழே வரும் எண்கள் எல்லாம் ரெகுலர் சீசன் கணக்கு. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ப்ளே ஆஃப் இதில் சேராது.

எங்க செட்டில் எட்டு பேர். 80கள், 90களின் பிளேயர்களை வைத்து டீம் போட உட்கார்ந்தோம். "எந்த வருஷத்து மைக்கேல் ஜோர்டான்?" என்று முதல் நாளே சண்டை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

சண்டை நியாயமானதுதான். இந்த ஆட்டத்தில் எடுக்க வேண்டியது ஆளை அல்ல, அவருடைய ஒரு சீசனை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பேப்பரில் எழுதி எட்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். எந்த சீசனிலிருந்து எந்த சீசன் வரை, டீம்களை ஒப்பிட எத்தனை கேட்டகரி, குறைந்தது எத்தனை மேட்ச்.

ஒன்பது கேட்டகரி என்றால் பாயின்ட், ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழப் பாஸ் கொடுப்பது), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுப்பது), த்ரீ பாயின்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட்), ஃபீல்டு கோல் சதவீதம் (ஆட்டத்தில் போட்ட ஷாட்டில் விழுந்தது), ஃப்ரீ த்ரோ சதவீதம் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்டில் விழுந்தது), டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது). இத்தனையும் வேண்டுமென்றால் 1979-80க்கு முன்னால் போக முடியாது. என்.பி.ஏ. ஸ்டீலையும் பிளாக்கையும் எண்ணத் தொடங்கியதே 1973-74ல். தனி ஆளின் டர்ன்ஓவர் 1977-78லிருந்துதான். த்ரீ பாயின்ட் கோடு வந்தது 1979-80ல்.

குறைந்தபட்சம் 60 மேட்ச் என்று வையுங்கள். இல்லாவிட்டால் 18 மேட்ச் மட்டும் ஆடிய 1985-86 ஜோர்டான், 17 மேட்ச் ஆடிய 1994-95 ஜோர்டான் எல்லாம் வாதத்துக்கு வருவார்கள். முதலாளிகள் ஆட்டக்காரர்களோடு தகராறில் ஆட்டத்தை நிறுத்தி வைத்த லாக் அவுட்டால் 50 மேட்சோடு முடிந்த 1998-99 சீசனும் இந்த விதியிலேயே கழன்று போகும். ஒருவர் 1988-89 ஜோர்டானை எடுத்துவிட்டால் இன்னொருவர் 1989-90 ஜோர்டானை எடுக்கக் கூடாது. இதையும் எழுதி வையுங்கள்.

இப்போது எந்த ஜோர்டான்? எல்லோருக்கும் நினைவிருப்பது 37.1 பாயின்ட் சராசரி வந்த 1986-87. ஆனால் அந்த வருடம் அவருடைய ஃபீல்டு கோல் 48.2 சதவீதம், த்ரீ மொத்தமே 12. 1988-89ல் பாயின்ட் 32.5க்கு இறங்கினாலும் ரீபவுண்ட் 8, அசிஸ்ட் 8, ஸ்டீல் 2.9, ஃபீல்டு கோல் 53.8. 1989-90ல் பாயின்ட் 33.6, த்ரீ 92, ஃபீல்டு கோல் 52.6. ஒன்பது கேட்டகரிக்கு என் ஓட்டு 1989-90க்கு. த்ரீயைச் சேர்க்காத லீக் என்றால் 1988-89.

டிராஃப்டில் முதலில் எடுக்கும் வாய்ப்பு, அதாவது முதல் பிக், எனக்கு விழுந்திருக்கிறது. ஜோர்டானைத் தவிர யோசிக்கலாமா?
வாசகர், தண்டையார்பேட்டை

தாராளமாக யோசிக்கலாம். 1989-90 ஹக்கீம் ஒலாஜுவான்: 82 மேட்ச், 24.3 பாயின்ட், 14 ரீபவுண்ட், 4.6 பிளாக், 2.1 ஸ்டீல். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான சென்டர் ஒருவர், பந்தைத் தட்டி நடத்தும் கார்டு அளவுக்கு ஸ்டீல் தருவது அபூர்வம். பாயின்ட் எங்கிருந்தும் கிடைக்கும். ஆறாவது ரவுண்டிலும் 20 பாயின்ட் ஆள் இருப்பார். ஒரு மேட்சுக்கு 4 பிளாக் தருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்டகரி இல்லாமல் மொத்தப் புள்ளிக் கணக்கில் ஆடினாலும் இதேதான். பரவலாகப் புழங்கும் கணக்கு இது: பாயின்டுக்கு 1, ரீபவுண்டுக்கு 1.2, அசிஸ்டுக்கு 1.5, ஸ்டீல், பிளாக் ஒவ்வொன்றுக்கும் 3. இதில் போட்டுப் பார்த்தால் டர்ன்ஓவரைக் கழிக்காமல் ஒலாஜுவானுக்கு 65.5 வரும். 1988-89 ஜோர்டானுக்கு 65.2. 29.8 பாயின்ட் எடுத்த 1993-94 டேவிட் ராபின்சனுக்கு 64.8. மூவரும் ஒரே தட்டில். ஜோர்டான் கைவிட்டுப் போனாலும் இரண்டாவது, மூன்றாவது பிக்காரர்கள் அழ வேண்டியதில்லை. அழ வேண்டியது நான்காவது ஆள்தான். 14.5 அசிஸ்ட் கொடுத்த 1989-90 ஜான் ஸ்டாக்டனே இந்தக் கணக்கில் 51க்குள் நின்றுவிடுகிறார். ஆனால் கேட்டகரி லீக்கில் ஸ்டாக்டன் ஒருவரே அசிஸ்டில் பாதி வேலையை முடித்துவிடுவார், கூடவே ஸ்டீல் 2.7. அங்கே அவர் நான்காவது பிக்குக்குக் குறையாத ஆள்.

ஃப்ரீ த்ரோ சதவீதத்தில் கடைசி இடம். என் டீமில் 60 சதவீதம் போடும் டென்னிஸ் ராட்மன் இருக்கிறார், 55 போடும் ஷக்கீல் ஓநீல் இருக்கிறார். யாரைக் கழற்றுவது?
வாசகர், கொருக்குப்பேட்டை

ஷக்கைக் கழற்றுங்கள். ராட்மனைத் தொடாதீர்கள்.

இரண்டு பேரும் மோசம் என்று தோன்றுவது சதவீதத்தை மட்டும் பார்ப்பதால். எத்தனை தடவை கோட்டில் நின்றார் என்பதைப் பாருங்கள். 1991-92ல் ராட்மன் போட்டது 140 ஃப்ரீ த்ரோ, விழுந்தது 84. 1993-94ல் ஷக் போட்டது 850, விழுந்தது 471.

உங்கள் மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து 2,000 போட்டு 1,600 விழுந்ததாக வையுங்கள், அதாவது 80 சதவீதம். ராட்மனைச் சேர்த்தால் 2,140க்கு 1,684. 78.7 சதவீதம். ஒன்றேகால் புள்ளிதான் சரிவு. ஷக்கைச் சேர்த்தால் 2,850க்கு 2,071, அதாவது 72.7 சதவீதம். ஏழு புள்ளிக்கு மேல் ஓட்டை. ஷக் இருந்த இடத்தில் 1987-88 லாரி பேர்ட் (453க்கு 415) வந்தால் 82.1. ஒரே ஆளை மாற்றியதில் ஒன்பதரைப் புள்ளி வித்தியாசம்.

ஃபீல்டு கோலிலும் இந்தக் குழி உண்டு. 1990-91ல் டென்வர் டீமின் மைக்கேல் ஆடம்ஸ் 26.5 பாயின்ட், 10.5 அசிஸ்ட், 167 த்ரீ என்று கண்ணைக் கட்டுவார். ஆனால் 1,421 ஷாட்டில் விழுந்தது 560, 39.4 சதவீதம். மற்றவர்கள் 5,000க்கு 2,500 போட்டிருந்தால் ஆடம்ஸ் ஒருவரே அதை 50லிருந்து 47.7க்கு இழுத்துவிடுவார். அவர் வேண்டுமென்றால் 1986-87 கெவின் மெக்ஹேல் மாதிரி 60 சதவீதம் போடும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷக்கை விடவே மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு: ஃப்ரீ த்ரோவை மொத்தமாகக் கைகழுவுங்கள். ஷக்கோடு ராட்மன், 5.6 பிளாக் சராசரி வைத்த 1984-85 மார்க் ஈட்டன் என்று சேர்த்தால் ரீபவுண்டும் பிளாக்கும் உங்கள் பாக்கெட்டில். வாரத்துக்கு வாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் லீக்கில் இரண்டு கேட்டகரி வரை விடலாம், ஒன்பதில் ஐந்து ஜெயித்தால் போதும். கேட்டகரிக்கு 8, 7, 6 என்று இடத்துக்கு ஏற்பப் புள்ளி தரும் லீக்கில் ஒன்றுக்கு மேல் விட்டால் தேறாது. எட்டு பேர் லீக்கில் சராசரி டீமுக்கு வருவது 40.5. ஒரு கேட்டகரியைக் கைகழுவினால் சராசரியிலிருந்து மூன்றரைப் புள்ளி அங்கேயே போய்விடும்.

பாதி கைகழுவி, பாதி காப்பாற்றி நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். உங்கள் டீம் இப்போது நிற்பது அங்கேதான்.

ஏலத்தில் ஆடலாமா, வரிசையில் எடுக்கலாமா?
வாசகர், காசிமேடு

வரிசை என்றால் ஸ்நேக் டிராஃப்ட்: முதல் ரவுண்டு 1லிருந்து 8, அடுத்தது 8லிருந்து 1. எட்டாவது ஆளுக்கு எட்டாவதும் ஒன்பதாவதும் அடுத்தடுத்து விழும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் தடவை ஆடுகிறவர்களுக்கு இது போதும்.

ஏலம் என்றால் ஆளுக்கு 200 புள்ளி, பத்து பேரை வாங்க வேண்டும். கார்டு 3, ஃபார்வர்டு 3, சென்டர் 2, எந்த இடமானாலும் 2. எட்டு பேருக்கும் சேர்த்து 1,600 புள்ளி, 80 ஆட்டக்காரர்கள், தலைக்குச் சராசரி 20. ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். அவசரப்பட்டு முதல் மாதமே சீட்டை எடுப்பவருக்குத் தள்ளுபடி போக மிஞ்சுவது கொஞ்சம், பொறுத்தவருக்கு முழுத் தொகை. இங்கேயும் முதல் பத்துப் பெயர்கள் எப்போதும் அதிக விலைக்குப் போகும், ஐந்தாவது, ஆறாவது சுற்றில்தான் சல்லிசு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சீட்டில் கடைசி வரை காத்திருந்தாலும் பணம் இருக்கும். இங்கே கடைசியில் கையில் 60 புள்ளி இருக்கும், வாங்க ஆள் இருக்க மாட்டார்.

முதல் இரண்டு பேருக்கும் சேர்த்து 110க்கு மேல் போகாதீர்கள். சென்டர்களை முன்னால் வாங்கிவிடுங்கள். எட்டு டீமுக்கு 16 சென்டர் வேண்டும், அதில் பிளாக் தரும் ஆட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள். மலிவாகக் கிடைக்கும் ஆள் என்றால் முதலில் டென்வரின் ஃபேட் லீவர். 1988-89ல் 19.8 பாயின்ட், 9.3 ரீபவுண்ட், 7.9 அசிஸ்ட், 2.7 ஸ்டீல். ஆறடி மூன்றங்குல கார்டு இவ்வளவு ரீபவுண்ட் எடுத்தார் என்பதே பலருக்குத் தெரியாது, அதனால் யாரும் விலையை ஏற்ற மாட்டார்கள். 1985-86ல் 301 ஸ்டீல் எடுத்த ஆல்வின் ராபர்ட்சன், 1991-92ல் 3 பிளாக்கோடு ஃப்ரீ த்ரோவும் 82 சதவீதம் போட்ட லாரி நான்ஸ். இவர்கள் இருவரையும் குறித்து வையுங்கள். சண்டை இல்லாமல் கிடைப்பார்கள்.

வில்ட் சேம்பர்லின் ஒரு சீசனில் 25.7 ரீபவுண்ட் எடுத்தாராம். அவரைச் சேர்த்தால் ராட்மனெல்லாம் எதற்கு?
வாசகர், வியாசர்பாடி

வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. 1961-62ல், அதாவது அவர் 50.4 பாயின்ட் சராசரி வைத்த அதே சீசனில், ஒரு டீம் மேட்சுக்குச் சராசரியாக நூறு ஷாட்டுக்கு மேல் போட்டது, விழுந்தது 43 சதவீதத்துக்கும் குறைவு. தவறிய ஷாட்டுகள் மலை மாதிரி குவிந்த காலம். ஒரு டீமுக்கு மேட்சுக்குச் சுமார் 71 ரீபவுண்ட். 1991-92ல் அதுவே 44க்குப் பக்கம்.

ஆட்டக்காரரின் எண்ணை அந்த சீசன் லீக் சராசரியால் வகுங்கள். சேம்பர்லினுக்கு 25.7ஐ 71ஆல் வகுத்தால் 36 சதவீதம். ராட்மனின் 1991-92 சராசரி 18.7ஐ 44ஆல் வகுத்தால் 42.5. ராட்மன் முன்னால் நிற்கிறார், அதுவும் மேட்சுக்கு 40 நிமிடம் ஆடி. சேம்பர்லின் அந்த சீசனில் ஆடியது சராசரியாக 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குப் போன மேட்சுகளும் சேர்வதால் மேட்சின் வழக்கமான 48 நிமிடத்தைத் தாண்டுகிறது.

காலம் கலந்த லீக் வேண்டுமென்றால் எல்லா எண்ணிக்கைக் கேட்டகரிகளையும் இப்படி வகுத்துப் போடுங்கள். ஸ்டீல், பிளாக் எண்ணாத காலம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், இரண்டு சதவீதம் என்று ஐந்து கேட்டகரியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். சேம்பர்லினை எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: அந்த சீசனில் அவர் 1,363 ஃப்ரீ த்ரோ போட்டு 835 விழுந்தது. ஷக்கைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் இவருக்கு ஒன்றரை மடங்கு.

த்ரீ பாயின்டருக்கு 1995-96 டென்னிஸ் ஸ்காட்டை எடுத்தேன், 267 த்ரீ. ஏமாற்று என்கிறார்கள். விதியில் இல்லையே?
வாசகர், திருவொற்றியூர்

விதியில் இல்லாததால் ஏமாற்று இல்லை. ஆனால் அவர்கள் கோபத்திலும் விஷயம் உண்டு. 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசன் த்ரீ பாயின்ட் கோட்டைக் கூடையிலிருந்து எல்லாப் பக்கமும் 22 அடிக்கு இழுத்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடுவில் 23 அடி 9 அங்குலம். ரெஜ்ஜி மில்லருக்கு 1996-97ல் 229 த்ரீ, கோடு திரும்பிப் போன அடுத்த சீசனில் 164. அதே ஆள், அதே கை.

80களில் இந்த எண்கள் இன்னும் சின்னவை. 1979-80ல் லீக்கிலேயே அதிகம் 90. 1987-88ல் டேனி ஏஞ்ச் போட்ட 148 அப்போது சாதனை. இரண்டு காலத்தையும் கலந்த லீக்கில் ஸ்காட் ஒருவரே மற்ற டீம்களின் பத்துப் பேர் மொத்தத்தைத் தொட்டுவிடுவார். அடுத்த தடவை அந்த மூன்று சீசனை விலக்குங்கள், அல்லது ஒரு டீமுக்கு அந்த மூன்றிலிருந்து ஒருவர்தான் என்று வையுங்கள். இந்தத் தடவை ஸ்காட் உங்களுக்கே.

டிராஃப்ட் முடிந்ததும் கணக்குப் போட்டால் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்ன சுவாரசியம்?
வாசகர், ராயபுரம்

சீசன் சராசரியை வைத்து ஆடினால் அப்படித்தான். மேட்ச் வாரியான கணக்குக்கு மாறுங்கள். ஒரு டீமுக்கு சீசனில் 82 மேட்ச், அதனால் 1 முதல் 82 வரை துண்டுச் சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் நான்கு சீட்டு எடுக்கட்டும். 17, 40, 41, 66 வந்தால் உங்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் டீமும் அந்த சீசனில் ஆடிய 17, 40, 41, 66வது மேட்சில் அவர் எடுத்ததுதான் இந்த வாரக் கணக்கு. அந்த மேட்சில் ஆடவில்லை என்றால் பூஜ்யம். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாதீர்கள், இருபது வாரத்துக்கு வரும்.

இப்படி ஆடும்போதுதான் ஒலாஜுவான் 1990 மார்ச் 29ல் எடுத்த 18 பாயின்ட், 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 11 பிளாக் திடீரென்று உங்கள் மடியில் வந்து விழும். ராபின்சன் 1993-94ன் கடைசி மேட்சில் எடுத்த 71 பாயின்டும் அப்படித்தான். அவரை வைத்திருப்பவர் 82ஆம் நம்பர் சீட்டுக்காக வாரா வாரம் காத்திருப்பார். ராபின்சன் அந்த சீசனில் ஆடியது 80 மேட்ச். ஆடாத இரண்டு மேட்சின் நம்பர் வந்தால் வயிறு எரியும்.

டர்ன்ஓவர் கேட்டகரி தேவையா?
வாசகர், எண்ணூர்

எட்டு கேட்டகரி போதும் என்பது என் கட்சி. பந்தை அதிகம் கையாளுபவருக்கு டர்ன்ஓவர் அதிகம் வரும். 1988-89ல் 12.8 அசிஸ்ட் கொடுத்த மேஜிக் ஜான்சனுக்கு 312 டர்ன்ஓவர். அவரை எடுத்ததற்கு அபராதம் கட்டுவது போல ஆகிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் மக்ஸி போக்ஸைப் பாருங்கள். ஐந்தடி மூன்றங்குலம் உயரம், 1989-90ல் 867 அசிஸ்ட், டர்ன்ஓவர் 146 மட்டும்.

பெண்கள் லீக்கை வைத்து ஆட முடியுமா? எங்கள் காலேஜ் டீமில் ஆறு பேர் தயார்.
வாசகி, பெரம்பூர்

முடியும், ஆறு பேருக்கு அது அளவான லீக். டபிள்யூ.என்.பி.ஏ. 1997ல் தொடங்கியது. முதல் சீசன் 28 மேட்ச், அடுத்தது 30, 1999ல் 32. அதனால் மொத்த எண்ணிக்கையில் ஆடாதீர்கள், மேட்ச் சராசரியில் ஆடுங்கள். முதல் பிக் 1997 சிந்தியா கூப்பர், 22.2 பாயின்ட். பிளாக்குக்கு 1998 மார்கோ டைடெக், ஏழடி இரண்டங்குலம், மேட்சுக்கு 3.8. அசிஸ்டுக்கு அதே சீசன் டிச்சா பெனிசெய்ரோ, 7.5. ஸ்டீலுக்குத் தெரேசா வெதர்ஸ்பூன்.

ஐ.சி.எஃப்., ரயில்வே என்று நம்ம பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்களை வைத்து இதே மாதிரி ஆட முடியாதா?
வாசகர், வில்லிவாக்கம்

ஆசை நியாயம்தான், கணக்குதான் இடிக்கிறது. மேட்ச் ஸ்கோர் ஷீட்டில் இருப்பது யார் எத்தனை பாயின்ட், யாருக்கு எத்தனை ஃபவுல் என்பதுதான். ரீபவுண்டும் ஸ்டீலும் தனியாக ஒருவர் உட்கார்ந்து குறித்தால்தான் உண்டு. பழைய ஷீட் கிடைத்தால் பாயின்ட் மட்டும் வைத்து ஆடலாம். இப்போது நடக்கும் மேட்சுகளுக்கு இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்தால், ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுத, ஒரு டோர்னமென்ட் முடிவில் ஆறு கேட்டகரி தேறும். பார்ப்பவரே எழுதினால் பாதி ரீபவுண்ட் விட்டுப்போகும்.

ஜெயித்தவருக்குப் பணம் வைக்கலாமா?
வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

வேண்டாம். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025ல் வந்த மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. தோற்றவர் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வாங்கித் தரட்டும்.

எக்செல்லில் போட்ட கணக்கு ஆளாளுக்கு வேறு வேறாக வருகிறது. எங்கே தப்பு?
வாசகர், மூலக்கடை

பெரும்பாலும் மூன்று இடத்தில். சதவீதங்களைக் கூட்டிப் பத்தால் வகுத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் 140 போட்டவரும் 850 போட்டவரும் சமமாகிவிடுவார்கள். விழுந்தது எல்லாவற்றையும் ஒரு பத்தியில், போட்டது எல்லாவற்றையும் இன்னொரு பத்தியில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு தடவை வகுங்கள்.

இரண்டாவது, சீசன் நடுவில் டீம் மாறியவர்கள். 1994-95ல் கிளைட் ட்ரெக்ஸ்லர் போர்ட்லாந்துக்கு 41 மேட்ச், ஹூஸ்டனுக்கு 35. 1993-94ல் டொமினிக் வில்கின்ஸ் அட்லாண்டாவில் 49, கிளிப்பர்ஸில் 25. புள்ளிவிவரத் தளங்களில் இவர்களுக்கு மூன்று வரிகள் இருக்கும்: இரண்டு டீமுக்கும் தனித்தனியே ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. ஒருவர் மொத்த வரியை எடுத்திருப்பார், இன்னொருவர் மூன்றையும் கூட்டி ட்ரெக்ஸ்லரை 152 மேட்ச் ஆட வைத்திருப்பார். மொத்த வரியை மட்டும் எடுங்கள்.

மூன்றாவது, வருடம். 1989-90 சீசனைச் சில தளங்கள் 1990 என்று மட்டும் போடும். ஒருவர் 1989 என்று தேடினால் அவருக்கு 1988-89 வந்து நிற்கும். ஷீட்டில் எப்போதும் இரண்டு வருடத்தையும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் டீமையும் எழுதுங்கள். 80களில் எட்டி ஜான்சன் என்ற பெயரில் இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் அட்லாண்டாவின் கார்டு, இன்னொருவர் கிங்ஸிலும் ஃபீனிக்ஸிலும் ஆடிய ஃபார்வர்டு.